அந்த மீட்டரைத் தூங்க விடுங்கள்

எங்கள் வீட்டில் யாராவது ஒரு அறையை விட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் அங்கே ஃபேன் நின்றிருக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, வாசலில் கூரியர் வாங்கப் போனாலும் சரி. நிறுத்துவது அப்பா. மின்வாரியத்தில், கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வெளியே பிடிக்க ஆள் இல்லாததால் வீட்டுக்குள்ளேயே பிடிக்க ஆரம்பித்தார். ஜோகுபாளையத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தெருவில் யாரிடமாவது எங்கள் வீட்டை விசாரித்தால், "சாயங்காலமானா இருட்டா இருக்குமே, அந்த வீடு" என்று கை காட்டுவார்கள். நாற்பதை நெருங்கும் என்னிடம் கல்யாணப் பேச்சை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஸ்விட்சை மட்டும் விடவில்லை.

அவருடைய பரம எதிரி, எலக்ட்ரிக் குக்கரில் இருக்கும் அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கு. சோறு வெந்ததும் குக்கர் தானாகவே அதைப் போட்டுக்கொண்டு, யாராவது வந்து சாப்பிடும்வரை சோற்றைச் சூடாக வைத்திருக்கும். "வெந்த சோத்துக்கு எதுக்கு மறுபடியும் கரண்ட்டு?" என்பது அப்பாவின் கேள்வி. குக்கர் 'டக்' என்று சத்தம் போட்ட மறு நொடி அவர் கை பிளக்கில் இருக்கும். அதனால் ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் இருக்கும் அலுவலகத்திலிருந்து நான் தாமதமாக வரும் நாட்களில் ஆறிப்போன சோறுதான். மெட்ரோ வந்த பிறகு தாமதம் குறைந்திருக்க வேண்டும். மெட்ரோ என்னவோ மழையில் நனையாமல் வந்துவிடுகிறது. என் அலுவலகத்திலிருந்து மெட்ரோ நிலையம் வரைக்கும் உள்ள கொஞ்ச தூரத்தில்தான் மழை பெய்தால் உயிர் போகும்.

நான் வேலை செய்வது தண்ணீர் மீட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். குழாய்க்குள் ஓடும் தண்ணீரை அளப்பது எங்கள் பழைய தொழில். திறந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளக்கும் மீட்டர் புதிது. அது என் பிள்ளை. குழாய்த் தண்ணீர் ஒழுங்கானது, சுவருக்குள் அடங்கி நடக்கும். வாய்க்கால் அப்படியில்லை. இன்றைக்குக் கணுக்கால், நாளைக்குக் கழுத்து. அதனால் எங்கள் மீட்டரை மேலே ஒரு பாலத்தின் அடியில் தொங்கவிடுவோம். அது கீழே பார்த்து ஒரு சத்தம் போடும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். தண்ணீரில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, தண்ணீரின் உயரத்தைக் கண்டுபிடிக்கும். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு அட்டவணை அதனுள்ளே இருக்கும். உயரம் தெரிந்தால் ஓட்டம் தெரியும். எங்கள் தொழிலின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

கஷ்டம் எல்லாம் கரண்ட்டில்தான். வாய்க்கால் ஓரத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஒரு பாட்டரியை வைத்துக் காலம் தள்ள வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தண்ணீரைப் பார்ப்பதற்கு மீட்டருக்கு அதிகம் செலவாவதில்லை. கணக்குப் போடுவதற்கும் ஆவதில்லை. பார்த்ததை போன் சிம் வழியாக வெளியே சொல்வதற்குத்தான் செலவு. ஒரு முறை பேசுகிற கரண்ட்டில் எத்தனையோ முறை அளந்துவிடலாம். எனவே நான் அதற்குக் கறாரான ஒழுக்கம் வைத்தேன். தூங்கு, அவ்வப்போது எழுந்து பார், மனதில் குறித்துக்கொள், மறுபடி தூங்கு. காலையில் ஒரே ஒரு தடவை வாயைத் திற, எல்லாவற்றையும் அலுவலகத்துக்குச் சொல், மூடிக்கொள். யோசித்துப் பார்த்தால் நான் அப்பாவைத்தான் ஒரு டப்பாவுக்குள் அடைத்திருந்தேன்.

ஆத்திர அவசரத்துக்காக இரண்டு சலுகைகள் மட்டும் கொடுத்தேன். அதில் பதிந்து வைத்த நம்பரிலிருந்து யாராவது மெசேஜ் அனுப்பினால், தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீரின் உயரத்தைப் பதிலாக அனுப்பும். தண்ணீர் எண்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் யாரும் கேட்காமலேயே அந்த நம்பர்களுக்கு எச்சரிக்கை போகும். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு பாத்ரூமில் வைத்து, பெரிய பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தேன். என் போன் சார்ஜில் கிடந்ததால் முதலில் அப்பாவின் போனைப் பதிந்து பார்த்தேன், பிறகு என்னுடையதை. பக்கெட் கேள்விக்குப் பதில் சொல்வதைப் பார்த்து அப்பாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

இந்த மீட்டரைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய மழைநீர் வாய்க்கால் அவர்கள் மதிலுக்குப் பின்னால் ஓடுகிறது. ஒரு வருஷம் அது மதிலேறிக் குதித்து, கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த கார்களை எல்லாம் மிதக்கவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வாங்கி மாட்டிய மீட்டர், கம்பி இழுத்துக் கரண்ட் கொடுப்பது. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் மீட்டர் போகும். வெயில் காலத்தில் மட்டும் அது பிரமாதமாக வேலை செய்தது. அடுத்து சோலார் பேனல் வைத்தார்கள். பேனலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேரில் மேனேஜர். இரண்டு முறை சூடுபட்டவர் என்பதால் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னார்.

"கம்பி வேண்டாங்க, பேனல் வேண்டாங்க. ஒரே பாட்டரி. முதல் மழைல மாட்டுங்க, தீபாவளிக்கு முன்னால நானே வந்து பார்ப்பேன். நடுவுல டப்பாவத் தொறக்கக் கூடாது. அன்னைக்கு உயிரோட இருந்துச்சுன்னா இந்தக் கால்வாய்ல இருக்கற எல்லாப் பாலத்துக்கும் உங்களுதுதான். பக்கத்து அபார்ட்மெண்ட்டுககிட்டயும் நான் பேசிக்கறேன்."

சொல்லிவிட்டு, தன் மகனின் பள்ளி நோட்டு லேபிள் ஒன்றை டப்பாவின் மூடி மீது ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். லேபிளில் ஒரு டைனோசர் சிரித்துக்கொண்டிருந்தது. சோதனை முடியும்வரை தன் நம்பரை அதில் பதிய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தேர்வு நடக்கும்போது வாத்தியார் விடைத்தாளைத் தொடக் கூடாது என்பது அவர் கட்சி.

எங்கள் முதலாளி கன்னடக்காரர். ஆஸ்டின் டவுனில் தமிழர்கள் நடுவில் வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். திரும்பி வரும் வழியில், "மேடம், இது ஆயித்துன்னா நாம எங்கயோ போயிடுவோம். ஆகலேன்னா நாம பைப்பையே பார்த்துக்கலாம்," என்றார். முதல் 'நாம'வில் நான் இருந்தேன். இரண்டாவது 'நாம'வில் இல்லை என்பது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. வாய்க்கால் மீட்டர் பிரிவில் இருந்தது நானும், புரோகிராம் எழுதுகிற சேலத்துப் பெண் ஒருத்தியும் மட்டும்தான். மீட்டர் செத்தால் எங்கள் இரண்டு பேர் வேலையும் அதோடு போகும். அவள் பக்கத்திலேயே ஒரு லேடீஸ் பி.ஜி.யில் தங்கிக்கொண்டு ஊரில் இருக்கும் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என் வயதில், திறந்த வாய்க்காலை அளக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு யாரிடம் போய்ப் புது வேலை கேட்பது?

மழை தொடங்கியது. மீட்டர் ஒழுங்காக அளந்தது. பாட்டரிதான் சொன்னபடி கேட்கவில்லை. நான் போட்ட கணக்குக்கு அது பொங்கல்வரை தாங்க வேண்டும். மழைக்காலம் பாதி முடியும் முன்பே பாட்டரி பாதிக்கு மேல் காலி. தினமும் காலையில் மீட்டர் வாய் திறந்து தன் பாட்டரி அளவைச் சொல்லும். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்போம்.

"அக்கா, இது ராத்திரில முழிச்சிட்டு ரீல்ஸ் பாக்குதோ?" என்றாள் சேலத்துப் பெண்.

அதே சமயத்தில் செய்த இன்னொரு மீட்டரை அலுவலக பாத்ரூமில் பக்கெட் மேல் தொங்கவிட்டோம். அது சமர்த்தாகத் தூங்கியது, பாட்டரி இறங்கவே இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று ஊதாரியாகிவிட்டது. அங்கே டவர் சிக்னல் பலவீனமோ, அதனால் கத்திப் பேச வேண்டியிருக்கிறதோ என்று பாலத்தின் மேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். சிக்னல் அருமையாக இருந்தது. யாராவது வேண்டாத வேளையில் எழுப்புகிறார்களா என்று பார்க்கவும் வழியில்லை. யார் எப்போது கேட்டார்கள் என்பதை மீட்டர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது. அதற்கும் கரண்ட் செலவு என்று சொல்லி அந்த வசதியை வெட்டியெறிந்த புத்திசாலி நான்தான்.

இந்தக் கவலைக்கு நடுவில் வீட்டில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றில் ஆவி பறந்தது. ஏழரைக்கு வந்தாலும் பறந்தது, மழையில் மாட்டிக்கொண்டு ஒன்பதுக்கு வந்தாலும் பறந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது மாதிரியும் தெரியவில்லை. இன்னொரு நிம்மதி, சாயங்காலமானால் "எப்பம்மா வருவே?" என்று அப்பாவிடமிருந்து வரும் போன் நின்றுபோயிருந்தது. முன்பெல்லாம் அந்த அழைப்பை நான் வெட்டிவிட்டு 'மீட்டிங்' என்று ஒற்றை வார்த்தை அனுப்புவேன். இப்போது அந்த வேலை மிச்சம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சூடான சோறு தட்டில் இருக்கும்போது துப்பறிகிற புத்தி யாருக்கு வரும்?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளிக்கு பாட்டரி விஷயத்தில் கடைசியாக ஒரு விளக்கம் கிடைத்திருந்தது: திருஷ்டி. அலுவலகத்தில் கம்ப்யூட்டர், சால்டரிங் கன், காபி மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போயிருக்கிறார். மீட்டருக்குப் பொட்டு வைத்து, ஒரு முழம் பூ சுற்றி, அதோடு நிற்காமல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் ஒன்றை அதன் அடியிலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தார்.

மீட்டர் கீழே பார்த்துச் சத்தம் போட்டது. முதலில் எதிரில் பட்டது எலுமிச்சம்பழம். தண்ணீர் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதே என்று அலறி எச்சரிக்கை அனுப்பியது. நான் செயலாளருக்கு போன் செய்தேன். அவர் வாட்ஸாப் குழுவில் போட்டார். வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில், சந்தனம் பூசி மாலை போட்ட கார்கள் அத்தனையும் கீழ்த்தளத்திலிருந்து வரிசையாக வெளியே வந்து சாலையை அடைத்துக்கொண்டன. மேகம் ஒரு துண்டுகூட இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். நான் ஓடிப்போய்ப் பாலத்தில் குனிந்து பார்த்தபோது, கணுக்கால் அளவு தண்ணீருக்கு மேலே எலுமிச்சம்பழம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சும்னே ஒரு நம்பிக்கைக்குக் கட்டினேன், மேடம்," என்றார் முதலாளி. செயலாளர் டைனோசர் லேபிள் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சீக்கிரமே வீடு திரும்பினேன். சோறு இல்லை. "நீ இன்னிக்கு ரொம்ப லேட்டா வருவேன்னு அப்பா சொன்னாரேம்மா," என்றாள் அம்மா. அப்பா ஜன்னல் வழியாக வானத்தைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகை நாள், ஏதோ ஞாபகத்தில் சொல்லியிருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் தலைவலி தாங்காமல் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா நண்பர்களோடு அல்சூர் ஏரிக்கரையில் நடக்கப் போயிருந்தார். என்னிடம் இருந்த சாவியால் திறந்து, என் அறையில் விளக்குப் போடாமல் படுத்துத் தூங்கிப்போனேன். எங்கள் வீட்டில் விளக்கு எரிகிற அறையைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். இருட்டான அறையில் ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது.

விழிப்பு வந்தபோது வெளியே தூறல். சமையலறையில் பேச்சுச் சத்தம்.

"ஏங்க, அரிசி களைஞ்சிட்டேன். போடட்டுமா?"

"இரு. கேட்டுச் சொல்றேன்."

என்னைத்தான் கேட்கப் போகிறார் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் போன் அடிக்கவில்லை. சமையலறையில் அவர் போன்தான் 'டிங்' என்றது.

"இருபத்தெட்டு. கம்மிதான். ஏழரைக்கு வந்துடுவா. நீ ஏழுக்குப் போடு."

கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. "ஏங்க, ஜாஸ்தி ஆகுதே?" என்றாள் அம்மா. "இரு, மறுபடி கேக்கறேன்" என்றார் அப்பா. மறுபடியும் டிங்.

எனக்குத் தலைவலி போய்விட்டது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். அம்மா "ஐயோ" என்று கரண்டியைக் கீழே போட்டாள். அப்பா முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை. என் அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"அப்பா, யாருக்கு மெசேஜ் பண்றீங்க?"

"வாய்க்காலுக்கு," என்றார் சாதாரணமாக. போனைக் காட்டினார். என் மீட்டரின் நம்பரை 'வாய்க்கால்' என்றே சேமித்து வைத்திருந்தார்.

பக்கெட் சோதனையின்போது பதிந்த அவர் நம்பரை நான் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அப்பா உற்சாகமாகவே விளக்கினார். "அந்தப் பாலம் உன் ஆஃபீஸுக்கும் மெட்ரோவுக்கும் நடுவுலதான இருக்கு? முப்பதுக்குக் கீழ இருந்தா நீ டைமுக்கு வருவே. நாப்பதுன்னா அரை மணி லேட்டு. அறுபது தாண்டிச்சுன்னா ஆட்டோக்காரன் அந்தப் பக்கம் வர மாட்டான், நீ நடக்கணும். அதுக்குத் தகுந்தா மாதிரி குக்கர் போட்டா, நீ செருப்பக் கழட்டும்போது சோறு வெந்திருக்கும். அந்த ஆரஞ்சு லைட்டு எரிய வேண்டிய அவசியமே இல்ல. எவ்ளோ கரண்ட்டு மிச்சம் தெரியுமா?"

உயரம் தெரிந்தால் ஓட்டம் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட அட்டவணைக்குப் பக்கத்தில், அவர் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். எங்களுடையது வாய்க்காலின் ஓட்டத்தைச் சொன்னது. அவருடையது என் ஓட்டத்தை.

"என்னைக் கேக்க வேண்டியதுதானே?"

"உன்னக் கேட்டா மீட்டிங்குன்னு கட் பண்றே. அது கட் பண்ணாது. எப்ப கேட்டாலும் மரியாதையா பதில் சொல்லும்."

சுருக்கென்று இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?" என்று பேச்சை மாற்றினேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "காலைல காபியோட ஆரம்பிச்சிடுவாரு. அப்புறம் ஏரிக்கரைல அவரோட ஃபிரெண்ட்ஸுக்கெல்லாம் காட்டணும். என் பொண்ணு பண்ணினது, கேட்டா பேசும் பாருங்கன்னு. ஒவ்வொருத்தரும் ஒரு தடவை கேக்கச் சொல்லுவாங்க. சாயங்காலம் மழை வந்துட்டா கேக்கவே வேணாம், விடாம டிங்கு டிங்குன்னுதான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த மீட்டர் என்ன பாடு பட்டு எழுந்து பதில் சொல்கிறது, அதற்கு எவ்வளவு பாட்டரி போகிறது, தீபாவளிக்கு முன்னால் அது செத்துப்போனால் எனக்கும் அந்தச் சேலத்துப் பெண்ணுக்கும் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் முகம் மெல்ல மாறியது. வாழ்நாளில் யாரும் அவரைப் பார்த்து இந்தக் குற்றச்சாட்டைச் சொன்னதில்லை.

"நானா?" என்றார். "நானா வேஸ்ட் பண்ணேன்?"

அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். நாற்பது வருஷத்துச் சிரிப்பு அது. அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறவர் மாதிரி போனை மேசை மீது நகர்த்தினார்.

"டிஸ்கனெக்ட் பண்ணு."

"அப்பா, நீங்க கேக்காம இருந்தாப் போதும்."

"பண்ணுன்னு சொல்றேன்ல? எத்தனை பேர் லைன நான் கட் பண்ணியிருக்கேன். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

என் போனிலிருந்தே, முதல் நம்பரை நீக்குவதற்காக 'நீக்கு 1' என்று மீட்டருக்குக் கட்டளை அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. அப்பா தன் போனை ஃபிரிட்ஜின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, விளக்கில்லாத ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று சோறு எத்தனை மணிக்கு வெந்தது என்று அவர் கேட்கக்கூட இல்லை.

அதன் பிறகு மீட்டர் தூங்கியது. பாட்டரி இறங்குவது மட்டுப்பட்டது. ஆனாலும் ரொம்பத் தாமதம், விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. நானும் விரதம் பூண்டேன். ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. வீட்டில் சோறு மறுபடியும் ஆறிப்போனது. கிளம்பும்போது நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பேசுவதற்கு எனக்கு பாட்டரி ஒன்றும் செலவாகாது. இருந்தும் தினமும் மறந்தேன். அவர் ஆறிய சோற்றில் சூடான ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், செயலாளர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த சாயங்காலம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சேலத்துப் பெண் முந்தின நாளே ஊருக்கு பஸ் ஏறியிருந்தாள். பாலத்தின் மேல் நானும் முதலாளியும் செயலாளரும் ஆளுக்கொரு குடையோடு நின்றோம். கீழே தண்ணீர் காபி நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. காலையில் மீட்டர் பேசியபோது பாட்டரியில் கடைசிச் சொட்டுதான் மிச்சமிருந்தது. அது எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

செயலாளர் லேபிளைப் பார்த்தார். டைனோசர் நனைந்திருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "சரிங்க. இப்பக் கேளுங்க, பதில் வருதுங்களான்னு பார்க்கலாம்," என்றார்.

மெசேஜ் அனுப்பினேன். காத்திருந்தோம். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். மழைதான் சத்தம் போட்டது. மூன்றாவது முறையும் அனுப்பினேன். முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கொட்டுகிற மழையில் கண்ணாடியைத் துடைக்கிறவர் எதற்காகத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? வேலை போவதைவிட, இத்தனை மாதம் அந்தப் பாலத்தடியில் ஒற்றையாகத் தொங்கிக்கொண்டு எழுந்து எழுந்து பார்த்த ஒன்று, சரியாக இந்த நேரத்தில் போய்விட்டதே என்றுதான் துக்கமாக இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. அப்பா. பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். மூன்றாவது முறை முதலாளி, "எடுங்க மேடம், வீட்ல ஏனோ அர்ஜெண்ட் இருக்கும்," என்றார். ஒரு கையில் குடை, ஈரக் கை வேறு. ஸ்பீக்கரில்தான் போட முடிந்தது.

"நான் கேக்கலம்மா!" என்று அலறினார் அப்பா. "சத்தியமா நான் கேக்கல! போன் ஃபிரிட்ஜ் மேலதான் இருந்துச்சு. அதுவா பேசுது!"

"எதுப்பா?"

"உன் வாய்க்காலு! எச்சரிக்கை, எண்பத்தாறு சென்டிமீட்டர்னு வந்திருக்கு. லைன் கட் பண்ணின பிறகும் கரண்ட்டு வந்தா அது திருட்டும்மா. எங்கயோ தப்பு நடந்திருக்கு, உடனே பாரு. அம்மாவ வேணா கேளு, நான் தொடவே இல்ல!"

ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. சேலத்துப் பெண் புரோகிராமில் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தாள். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். பதிந்த நம்பர்களில் முதலாவது பூஜ்யம், இரண்டாவதுதான் ஒன்று. எனக்கு இது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அன்று சமையலறையில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரில் எல்லோரும் எண்ணுவதுபோல ஒன்று என்று எண்ணி அனுப்பிவிட்டேன். நீங்கியது நான். இணைப்பில் இருந்தது அப்பா. மீட்டர் உயிரோடுதான் இருந்தது. என்னோடு பேசுவதை மட்டும்தான் நிறுத்தியிருந்தது.

செயலாளர் குனிந்து, பாலத்தின் தூணில் பெயிண்டால் போட்டிருந்த அளவுக் கோடுகளை டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் எண்பத்தைந்தையும் தாண்டி அலையடித்துக்கொண்டிருந்தது. குடையை மடக்காமலேயே வாட்ஸாப் குழுவில் கார்களை எடுக்கச் சொல்லிக் குரல் பதிவு போட்டார். பிறகு என் போனைப் பார்த்து, "யாருங்க அவரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்ம கண்ட்ரோல் ரூம், சார்."

"பரவால்லீங்களே, கண்ட்ரோல் ரூமெல்லாம் வெச்சிருக்கீங்க!" என்று செயலாளர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாப் பாலத்துக்கும் போட்டுடலாங்க."

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்றது கண்ட்ரோல் ரூம். "சோறு எப்ப வைக்கறது?"

"இப்பவே வைங்கப்பா. நான் கிளம்பிட்டேன்."

"பொய் சொல்லாதே. எண்பத்தாறுன்னா நீ ஒன்பதுக்கு முன்னால வர மாட்டே. ஓரமா நடந்து வா, அவசரப்படாதே," என்று சொல்லிவிட்டு, என் நேரத்தை வீணாக்காமல் அவரே போனை வைத்துவிட்டார்.

அவர் கணக்கும் அன்று தப்பியது. தண்ணீர் எண்பத்தாறோடு நிற்காமல் மேலே ஏறியது, மெட்ரோ நிலையத்துக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டார்கள், நான் சுற்றிக்கொண்டு நடந்தேன். அவர் மறுபடி வாய்க்காலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை; இந்த முறை மறதியில்லை, என் போன்தான் நனைந்து அணைந்துபோயிருந்தது. ஜோகுபாளையத்தில் தெருத் திரும்பும்போது, சோறு ஆறி விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஹால் வழக்கம்போல இருட்டு. சமையலறையில் மட்டும் ஏதோ சிவந்து தெரிந்தது. உள்ளே போனேன். குக்கரில் அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பிளக்கில் கை வைக்காமல், இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் துப்பட்டாவும் காய்ந்ததாக இல்லை.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"பார்த்துக்கிட்டு நிக்காதே," என்றார். "எரியுது பாரு. தட்டுல போட்டுக்கிட்டு சீக்கிரம் ஆஃப் பண்ணு."